பேரன் வரைக்கும் போன பந்து

(சின்னமனூரில் கால்பந்து ஆடும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1960இல் ரோம் நகரில் ஒலிம்பிக் நடந்தது. அங்கே போன இந்தியக் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரஹீம். அணியில் சையது ஷாகித் ஹகீம் என்று ஓர் இருபத்தொரு வயது இளைஞர் இருந்தார். ரஹீமின் சொந்த மகன். இந்தியா மூன்று ஆட்டம் ஆடியது. ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றது, பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்தது, பெருவிடம் 1-3 என்று தோற்றது. இந்த மூன்றில் ஒன்றில்கூட ஹகீம் இறங்கவில்லை. ஆட்டத்தின் நடுவே ஆள் மாற்றும் வழக்கம் அன்றைக்குக் கிடையாது. தொடங்கும்போது பதினொரு பேரில் பெயர் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்தப் பெயர்களை எழுதியது அப்பாவின் கை.

அந்த அணியில் இடம் பிடிப்பது சாமானியக் காரியம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தலைவர் பி.கே. பானர்ஜி. கூடவே சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம், ஜர்னைல் சிங். கோலில் நம்முடைய பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமெண்ட் வளர்த்தெடுத்த ஆள் அவர். சைமன் சுந்தரராஜும் அந்த அணியில் இருந்தார். இத்தனை பேருக்கு நடுவில், மகன் என்பதற்காக ஒரு நிமிடம்கூடக் கொடுக்காமல் ஊர் திரும்பினார் ரஹீம். இந்தியக் கால்பந்தில் இதைவிடப் பெரிய நியாயத்தை நான் கேள்விப்பட்டதில்லை. கோலடித்த கதைகளை நாம் நூறு முறை சொல்கிறோம். இந்தக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

ரஹீம் 1909இல் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார். உங்கள் பி.டி. சார் மாதிரி பிள்ளைகளோடு பிள்ளையாக நின்றவர். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியை அவர் கையில் எடுத்தபின், பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருடம் வென்றது. 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962இல் ஜகார்த்தாவில் மறுபடி தங்கம். இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வென்றபோது அவர் உடம்புக்குள் புற்றுநோய் இருந்தது. அடுத்த வருடம் ஜூன் மாதம் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கம் கிடைக்கவே இல்லை. ‘மைதான்’ என்ற இந்திப் படம் 2024இல் வந்தது, பார்த்திருப்பீர்கள். அவருடைய கதைதான்.

ரோமில் இடம் கிடைக்காத மகன் என்ன ஆனார்? பந்தை விட்டுவிட்டு ஓடவில்லை. விமானப்படையில் அதிகாரியாக இருந்துகொண்டே கால்பந்தோடு ஒட்டிக்கொண்டிருந்தார். விசிலைக் கையில் எடுத்து ஃபிஃபா அங்கீகாரம் பெற்ற நடுவரானார். 1988 ஆசியக் கோப்பையில் நடுவராக நின்றார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் பி.கே. பானர்ஜிக்குத் துணைப் பயிற்சியாளர். 2017இல் தியான்சந்த் விருது. 2021இல் காலமாகும்வரை ஐம்பது வருடத்துக்கு மேல் அந்த மனிதர் மைதானத்தை விட்டு விலகவில்லை. அப்பா அவருக்குக் கொடுக்காதது ஒலிம்பிக் ஆட்டம் ஒன்றைத்தான். மற்றதெல்லாம் கொடுத்திருக்கிறார்.

இன்றைக்கு நான் பேச வந்தது இதைத்தான். கால்பந்து ஒரு குடும்பத்துக்குள் எப்படிக் கைமாறுகிறது? நம் நாட்டில் கால்பந்துக் குடும்பம் என்று தேடினால் ரஹீம் வீடு மாதிரி இரண்டு தலைமுறை கிடைக்கும். இல்லையென்றால் அண்ணன் தம்பியாக விரிந்த குடும்பங்கள். பி.கே. பானர்ஜியும் பிரசூன் பானர்ஜியும், ஹைதராபாத்தின் ஹபீபும் அக்பரும் அப்படி. நம் கன்னியாகுமரிக் கடற்கரையில் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் ரெஜினும் மைக்கேல் சூசைராஜும் அப்படி. தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று பேரும் பந்து ஆடியே சோறு தின்ற வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கடல் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது. ஏன் அப்படி என்பதுதான் என்னை உறுத்துகிற கேள்வி.

கடல் கடந்து போவோம். இத்தாலியில் திரியெஸ்தே என்று ஒரு துறைமுக ஊர். அங்கே ஒரு கப்பல் மாலுமியின் மகனாக 1932இல் பிறந்தவர் சேசரே மால்தினி. தடுப்பாட்டக்காரர். 1954இல் மிலான் நகருக்கு வந்து ஏ.சி. மிலான் அணியில் சேர்ந்தார். 1963இல் லண்டன் வெம்பிளி மைதானத்தில் பென்ஃபிகாவை வென்று ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியபோது அணித்தலைவர் அவர்தான். அவருடைய மகன் பாவ்லோ. பதினாறு வயதில், 1985 ஜனவரியில், உதினே நகரில் அதே மிலான் சட்டையோடு முதல் ஆட்டம் ஆடினார். அதன்பின் கால் நூற்றாண்டு வேறு எந்த கிளப்புக்கும் போகவில்லை. 902 ஆட்டங்கள், ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள். 2003இல் மான்செஸ்டரில் அணித்தலைவராகக் கோப்பையைத் தூக்கினார். அப்பா தூக்கிச் சரியாக நாற்பது வருடம். பேரன் டேனியல் 2020இல் மிலானுக்கு ஆடத் தொடங்கினார். 2022இல் மிலான் இத்தாலிய லீகை வென்றபோது அவரும் அந்த அணியில் இருந்தார். 2024 அக்டோபரில் இத்தாலி நாட்டு அணிக்காக முதல்முறை இறங்கினார். இடம் எது தெரியுமா? அப்பா முப்பத்தொன்பது வருடம் முன்னால் தொடங்கிய அதே உதினே.

இதைக் கேட்டதும் நம் வாயில் தானாக ஒரு பழமொழி வரும். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா! நான் அதை ஏற்பதில்லை. டேனியலுக்கு ஓர் அண்ணன் உண்டு, கிறிஸ்டியன். அதே அப்பா, அதே தாத்தா, அதே வீட்டுச் சாப்பாடு, அதே மிலான் பயிற்சிக் கூடம். அவர் கீழ்நிலை லீகுகளில்தான் ஆடினார். ரத்தம்தான் காரணம் என்றால் அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறு வேறு ரத்தமா? சேசரேயின் அப்பா கடலோடியாக இருந்தாரே, அவருடைய ரத்தத்தில் எந்தப் பந்து உருண்டது?

இங்கே தமிழ்நாட்டில் பேசுகிறவன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அப்பன் தொழிலை மகன் செய்வதை மேடையேறிப் புகழ்வது இந்த மண்ணில் விளையாட்டுக் காரியம் இல்லை. 1953இல் ராஜாஜி ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பாவின் தொழிலைப் படி என்றது அது. குலக்கல்வி என்று பெயர் வைத்துத் தமிழ்நாடு அதை எதிர்த்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பின் பலனை அனுபவித்தவர்கள்தான் நாம் எல்லோரும். தோட்டத்துக்கும் வயலுக்கும் கூலிக்குப் போன அப்பாக்களின் பிள்ளைகள் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து டாக்டராகவும் ஆசிரியராகவும் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் மால்தினி வீட்டைக் காட்டி, எல்லோரும் அப்பன் செய்ததையே செய்யுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன்.

மால்தினி வீட்டுக் கதை எதில் தொடங்குகிறது என்று பாருங்கள். ஒரு மகன் அப்பாவின் தொழிலை விட்டதில் தொடங்குகிறது. சேசரே குலத்தொழில்தான் செய்வேன் என்றிருந்தால் கப்பலேறியிருப்பார். எந்தக் கால்பந்துக் குடும்பத்துக்கும் முதல் ஆள் இப்படி ஒரு கதவைத் திறந்து வெளியே வந்தவர்தான். ரெஜின், சூசைராஜ் சகோதரர்கள் மீனவக் கிராமத்துப் பிள்ளைகள். சென்னை வியாசர்பாடியிலிருந்து வந்த நந்தகுமார் சேகர் ஆட்டோ ஓட்டுநரின் மகன். தன்பால் கணேஷும் அதே வியாசர்பாடிதான். எல்லோரும் முதல் தலைமுறை. இவர்கள் வந்ததில் எனக்கு எல்லையில்லாத சந்தோஷம். கவலை எங்கே என்றால், இரண்டாவது ஆளிடம். தனக்குப் பிடித்திருந்து, தெம்பும் இருந்து, அப்பா வழியில் நானும் போகிறேன் என்று ஒரு பிள்ளை விரும்பினால், போவதற்கு வழி இருக்கிறதா?

நம்மிடம் அந்த வழி ஏன் அடைபட்டது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே இருக்கும் அப்பாக்கள் பலருக்கு இது சொந்தக் கதை.

தமிழ்நாட்டில் கால்பந்து நெடுங்காலமாக வேலைக்குப் போகும் பாலமாக இருந்தது. தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, சுங்கத்துறை, வருமான வரித்துறை, காவல்துறை என்று அலுவலகங்கள் அணி வைத்திருந்தன. நன்றாக ஆடுகிற பையனைப் பார்த்து எடுப்பார்கள். ரஹீமின் ஹைதராபாத் அணியே காவல்துறை அணிதானே? முப்பது வயதுவரை ஆடு, அதற்குப் பிறகு மேசையில் உட்கார், அறுபதில் பென்ஷன். இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களில் அந்த வேலைதான் அடுப்பெரித்தது, வீடு கட்டியது, தங்கச்சி கல்யாணத்தை நடத்தியது. இன்றைக்கும் தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அது இருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் பந்து, வேலை வாங்கித் தருகிற ஒரு சான்றிதழ். வேலை கிடைத்ததும் அதன் கடமை முடிந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த அப்பா வீட்டில் மகனைப் பார்த்து என்ன சொல்வார்? “நான் முட்டியை உடைச்சு வாங்கின வேலையை நீ படிச்சே வாங்கிடலாம்டா.” எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறோம் இதை! அன்பினால் சொல்வதுதான், அனுபவத்தினால் சொல்வதுதான். மகன் இன்ஜினியரிங் போகிறான். அப்பாவின் பூட்ஸ் பரணுக்குப் போகிறது. பந்து அந்த வீட்டுக்கு வந்த வேலை ஒரே தலைமுறையில் தீர்ந்துவிடுகிறது.

இத்தாலியிலும் இங்கிலாந்திலும் ஆதியிலேயே பணம் கொட்டியது என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1885இலேயே சம்பளம் வாங்கி ஆடலாம் என்று அனுமதித்துவிட்டார்கள். ஆனாலும் 1961 வரைக்கும் உச்சவரம்பு ஒன்று இருந்தது. எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரராக இருந்தாலும் வாரம் 20 பவுனுக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் சங்கம் போராடித்தான் அது உடைந்தது. உடைந்த உடனே ஜானி ஹெய்ன்ஸ் என்பவருக்கு ஃபுல்ஹாம் கிளப் வாரம் 100 பவுன் கொடுத்தது. ஆக, இது ஒரு தொழில், இதை நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்ற நிலை தானாக வந்துவிடவில்லை. ஆட்டக்காரர்கள் கூடி நின்று வாங்கியது. அப்படி ஒரு நிலை வந்தபின்தான் ஒரு தகப்பன் பயமில்லாமல், உனக்கும் பிடித்திருந்தால் வா என்று மகனைக் கூப்பிட முடிகிறது.

நம் பக்கம் என்ன நடந்தது? 1996இல் தேசியக் கால்பந்து லீக் வந்தது. அது 2007இல் ஐ-லீக் ஆனது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐ.எஸ்.எல். வந்தது. சென்னையின் எஃப்.சி. இரண்டு முறை ஐ.எஸ்.எல். கோப்பை வென்றது. 2019 மார்ச்சில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீகையே தூக்கியது. தமிழ்நாட்டுக்கு முதல் முறை அது. அந்த ராத்திரி எங்கள் வாட்ஸ்அப் குரூப்களில் யாரும் தூங்கவில்லை. 2020-21 சீசனுக்குப் பிறகு அந்தக் கிளப் ஐ-லீகில் இல்லை. நாட்டின் சாம்பியனான ஒரு கிளப் இரண்டே வருடத்தில் இல்லாமல் போகிறது. 2025இல் ஐ.எஸ்.எல். போட்டியே குறித்த காலத்தில் தொடங்காமல் தள்ளிப்போனது. சில கிளப்புகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்திவைத்தன. இருபத்தெட்டு வயது ஆட்டக்காரர், கைக்குழந்தையோடு, அடுத்த மாதம் வாடகைக்கு என்ன செய்வது என்று உட்கார்ந்திருக்கிறார். அந்தக் குழந்தை வளர்ந்து பந்தைத் தொடும்போது அவர் என்ன சொல்வார்? நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள்.

மால்தினிகளுக்கு ஏ.சி. மிலான் என்று 1899இல் தொடங்கிய ஒரு கிளப் இருந்தது. தாத்தா ஆடியபோது இருந்தது, பேரன் ஆடும்போதும் இருக்கிறது. குடும்பம் தொடர வேண்டுமென்றால் முதலில் கிளப் தொடர வேண்டும். நூறு வருடம் நிற்கிற கிளப்பை நாம் கட்டவில்லை. கல்கத்தாவில் மோகன் பகான் 1889இல் கட்டினார்கள், இன்றும் நிற்கிறது. அங்கே ஒரு வீட்டில் மூன்று தலைமுறை ஒரே கிளப்புக்குக் கொடி பிடிக்கிறது. ஆட்டக்காரனுக்கு முன்னால் வருவது அந்தக் கொடிபிடித்த தாத்தாதான்.

போடி மெட்டு வழியாக ஏறினால் நாம் எல்லோரும் போய் வருகிற மூணாறு இருக்கிறது. அங்கே தேயிலை எஸ்டேட்டுகளுக்குள் ஃபின்லே ஷீல்டு என்று ஒரு கால்பந்துப் போட்டி. வெள்ளைக்காரக் கம்பெனி காலத்தில், 1940களில் தொடங்கியது. கம்பெனி ஃபின்லேயிடமிருந்து டாடாவுக்குப் போனது, 2005இல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக இருக்கிற கண்ணன் தேவன் கம்பெனிக்கு வந்தது. கை மாறி மாறிப் போனாலும் ஷீல்டு நிற்கவில்லை. ஆடுகிறவர்கள் பெரும்பாலும் நம் தமிழ்ச் சனம், கொழுந்து பறிக்கிற குடும்பத்துப் பிள்ளைகள். ஒரு போட்டி தலைமுறை தலைமுறையாக நடந்தால் என்ன ஆகும்? எஸ்டேட் அணிக்கு அப்பா ஆடியதைப் பார்த்த மகன் ஆடுவான், அவனைப் பார்த்து அவன் மகன் கேட்பான். சம்பளத்துக்கு ஆடிய வம்சங்கள் இல்லை இவை. மறுநாள் காலையில் மறுபடி காட்டுக்குப் போகிறவர்கள். ஆனாலும் ஆட்டம் வாரிசு தேடிக்கொள்ள என்ன தேவை என்பதை அந்த மலை நமக்குக் காட்டுகிறது. மாறாத ஒரு மைதானமும் வருடம் தவறாத ஒரு போட்டியும். பிழைப்பு அதோடு சேர்ந்துவிட்டால் அது தொழில்முறைக் குடும்பம்.

நம் பள்ளத்தாக்கில் அப்படிப் பிழைப்பும் சேர்ந்த ஒரு குடும்பத்தை உலகமே அறியும். பந்தாட்டக் குடும்பம் இல்லை, பாட்டுக் குடும்பம். பண்ணைப்புரம் இங்கிருந்து எவ்வளவு தூரம்? பாவலர் வரதராஜன் கச்சேரி நடத்திக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தம்பிகள் ஆர்மோனியத்தோடு கூடவே போனார்கள். அந்தத் தம்பிகளில் ஒருவர் இளையராஜா, ஒருவர் கங்கை அமரன். அடுத்த தலைமுறையில் கார்த்திக் ராஜா, யுவன் சங்கர் ராஜா, மறைந்த பவதாரிணி, வெங்கட் பிரபு, பிரேம்ஜி. இவர்களெல்லாம் பிறக்கும்போதே இசையோடு பிறந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அண்ணன் தம்பிகள் மெட்ராசுக்குப் போனபோது அங்கே சினிமா என்ற ஒரு தொழில் நின்றுகொண்டிருந்தது. அது ஒரு வருடம் நடந்து மறு வருடம் மூடுகிற கடை இல்லை. அதனால் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீட்டில் ஒலிப்பதிவு என்பது தினசரி வேலை. அப்பா எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், ஒரு பாட்டு சரியாக வரவில்லையென்றால் என்ன செய்கிறார், யாரிடம் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்தே வளர்ந்தார்கள். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராத பாடம் அது.

கால்பந்து வீட்டிலும் அதேதான் கைமாறுகிறது. ஆட்டத்துக்கு முந்தின இரவு எத்தனை மணிக்குப் படுக்க வேண்டும், தொடைச் சதை பிடித்துக்கொண்டால் எத்தனை நாள் ஓய்வெடுக்க வேண்டும், ஒப்பந்தத் தாளில் எந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது, பதினொரு பேரில் பெயர் வராத அன்றைக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் தலைமுறைப் பிள்ளை இதை ஒவ்வொன்றாக அடிபட்டுக் கற்றுக்கொள்கிறான். முழங்காலில் தசைநார் கிழிந்ததை வெறும் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிக்கொண்டே ஆடி, இருபத்திரண்டு வயதில் ஆட்டத்தையே இழந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டக்காரர் வீட்டில் அப்படி நடக்காது. அப்பா ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

அப்பா அப்பா என்றே பேசிவிட்டேன். இப்போது தாய்மார்களைப் பார்த்துப் பேசுகிறேன்.

இந்தியாவின் மகத்தான கோல்காரர் சுனில் சேத்ரி. 2024இல் முதல்முறை ஓய்வு பெற்றபோது நாட்டுக்காக 94 கோல். அவருடைய அப்பா ராணுவத்தில் இருந்தவர், ராணுவ அணிக்கு ஆடியவர். அம்மா சுசீலா யார்? நேபாள நாட்டுப் பெண்கள் அணியில் ஆடியவர். அவரும் அவருடைய இரட்டைச் சகோதரியும் சேர்ந்தே ஆடினார்கள். மெக்சிகோவில் தோமாஸ் பால்காசர் என்பவர் 1954 உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு எதிராகக் கோல் போட்டார். 2010 உலகக் கோப்பையில் அதே பிரான்ஸுக்கு எதிராகக் கோல் போட்ட சிச்சாரித்தோ அவருடைய மகள் வயிற்றுப் பேரன். இடையில் அப்பா ஹெர்னாண்டஸும் 1986 உலகக் கோப்பை அணியில் இருந்தார். உருகுவேயின் டியேகோ ஃபோர்லான் 2010இல் உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர். அவருடைய அப்பா பாப்லோ இரண்டு உலகக் கோப்பை ஆடியவர். அம்மாவைப் பெற்ற தாத்தா கொராசோ உருகுவே அணியின் பயிற்சியாளர். பேரன் சட்டையில் தாத்தாவின் குடும்பப் பெயர் இருக்காது. ஆனால் அந்த வீட்டுக்குப் பந்து வந்த வழிகளில் ஒன்று அம்மா.

நம் பெண் பிள்ளைகள் இன்றைக்கு எங்கே நிற்கிறார்கள் தெரியுமா? தேசிய சீனியர் பெண்கள் சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாடு 2018இல் வென்றது, 2023இல் மறுபடி வென்றது. பக்கத்து மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீகையே வென்றது. கடலூரின் இந்துமதி கதிரேசன் நாட்டு அணியின் நடுக்களத்தை ஆண்டவர். நம் காவல்துறையில் உதவி ஆய்வாளர்.  எதிர்காலத்தில் தமிழ்நாட்டில் ஒரு கால்பந்துக் குடும்பம் உருவானால், முதல் பெயர் ஒரு பெண்ணின் பெயராக இருக்கும் என்று நான் நம்புகிறேன். அதற்காகத்தான் அவர்களை ஆடவிட வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஆட ஆசை இருக்கிறது, அது ஒன்றே போதும். இங்கே வரும்போது கவனித்தேன், கிரவுண்டில் இருந்தது முழுக்கப் பையன்கள். ஆறரை மணிக்கு இருட்டிவிடுகிறது, வயசுப் பிள்ளை எப்படித் தனியாகத் திரும்பும் என்று நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. நியாயமான பயம். அதற்கு வழி, ஐந்து மணியிலிருந்து ஆறு மணிவரைக்கும் கிரவுண்டைப் பெண் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவது. பையன்கள் ஆறு மணிக்கு லைட் வெளிச்சத்தில் ஆடட்டும்.

ஐஸ்லாந்தைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அது ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டி இருக்கிற தீவு. மொத்த நாட்டின் ஜனத்தொகை நான்கு லட்சத்தைத் தொடவில்லை. நம் தேனி மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே 12 லட்சத்துக்கு மேல். அந்த நாட்டில் குட்யான்சன் என்று ஒரு குடும்பம். 1996 ஏப்ரல் 24ஆம் தேதி தாலின் நகரில் எஸ்தோனியாவோடு ஆட்டம். இரண்டாம் பாதியில் அர்னோர் என்ற முப்பத்து நான்கு வயது ஆட்டக்காரர் வெளியே வந்தார். அவருக்குப் பதிலாக உள்ளே போனது அவருடைய பதினேழு வயது மகன் எய்துர். அப்பாவும் மகனும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஆடுவதைச் சொந்த மண்ணில் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களுடைய சங்கம் தள்ளிவைத்தது. அதற்குள் மகனுக்குக் காலில் பலத்த அடி. இருவரும் சேர்ந்து ஆடும் வாய்ப்பு அதன்பின் வரவே இல்லை. மகன் குணமாகி, செல்சீயிலும் பார்சலோனாவிலும் ஆடினார். அவருடைய மகன்கள் மூவர். மூவரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள், மூவரும் நாட்டு அணியின் சட்டையைப் போட்டுவிட்டார்கள்.

இது ஒரு குடும்பத்தின் சாமர்த்தியம் மட்டுமென்று ஐஸ்லாந்துக்காரர்கள் விட்டுவிடவில்லை. அங்கே குளிர்காலம் நீளம். அதனால் 2000க்குப் பிறகு கூரை போட்ட முழு அளவு மைதானங்களைக் கட்டினார்கள். ஆறு வயதுக் குழந்தைக்குப் பாஸ் கொடுக்கச் சொல்லித்தருகிறவர்கூட முறையான சான்றிதழ் வாங்கிய, சம்பளம் பெறுகிற பயிற்சியாளராக இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். 2016இல் நாட்டு அணிகள் ஆடும் ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். 2018இல் உலகக் கோப்பைக்கே போனார்கள். குட்யான்சன் பிள்ளைகளுக்கு அப்பா கொடுத்ததை, அப்பா ஆடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊர்ப் பயிற்சியாளர் கொடுத்தார். ஆட்டக்காரர் வீட்டில் பிறக்காத பிள்ளைக்கு அந்த வீடு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், அங்கே, அந்தப் பயிற்சியாளரிடம்.

பின்வரிசையில் நாற்பது, ஐம்பது வயதில் பழைய ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கேரளத்துக்குப் போய் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடியவர்கள் இருக்கிறீர்கள், கல்லூரி அணியில், காவல்துறையில் ஆடியவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்தது உங்களோடு போய்விடக் கூடாது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பயிற்சியாளர்களுக்கு டி லைசென்ஸ் என்று ஒரு படிப்பு நடத்துகிறது. சில நாள் படிப்புதான், ஆடிய அனுபவம் இருந்தால் சிரமமில்லை. சிறு பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தரலாம், எந்த வயதில் எதைச் செய்யவைக்கக் கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்லித்தருகிறார்கள். இந்த ஊரில் நான்கு பேர் அதை முடித்துவிட்டு, வாரத்தில் மூன்று மாலை பத்து வயதுப் பிள்ளைகளோடு நின்றால் போதும். ஐந்து பேர், ஏழு பேர் ஆட்டமாக ஞாயிறுதோறும் ஒரு சின்ன லீக் வையுங்கள். மழை, திருவிழா, தேர்தல் எது வந்தாலும் ஒரு வாரம் தள்ளி நடத்துங்கள், நிறுத்தாதீர்கள். அணியை எடுக்கிறவரின் பிள்ளையும் அதில் ஆடுவான். அவனை எடுப்பதா வேண்டாமா என்று வருகிற அன்றைக்கு ரஹீம் சாகிப்பை நினைத்துக்கொள்ளுங்கள்.

டி லைசென்ஸ் படிப்பில் சேர விருப்பமுள்ளவர்கள் இங்கேயே என்னிடம் பெயர் கொடுக்கலாம். விண்ணப்பத்தை நிரப்ப நான் உதவுகிறேன். பெண் பிள்ளைகளுக்கு ஐந்து மணி என்பதில் மாற்றுக் கருத்து இருந்தால் இப்போதே சொல்லுங்கள், பேசி முடித்துவிட்டே கலைவோம். கேள்விகளைப் பிள்ளைகளிடமிருந்து தொடங்குகிறேன்.